கூட ஓடியவன்

அபிஷன் விளையாடும் நாள்களில் எதிரணிக் கோச்மார் தங்கள் ஆட்களுக்கு ஒன்றை மறக்காமல் சொல்லி அனுப்புவார்கள். யாராவது ஒருவன் பின்னால் நிற்க வேண்டும். மற்றவர்கள் கூடைக்குக் கீழே முட்டி மோதிக்கொள்ளட்டும். அந்த ஒருவன் மட்டும் பந்துக்கு ஆசைப்படக் கூடாது. அபிஷன் திரும்பினால் அவனும் திரும்பிக் கூடவே ஓட வேண்டும்.

கூடைப்பந்து பார்த்துப் பழகாதவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எதிரணிக்காரன் எறிந்த பந்து கூடையில் விழாமல் தெறிக்கிறது என்று வையுங்கள். நம்மவன் ஒருவன் எம்பி அதைப் பிடிக்கிறான். அந்த நேரத்தில் எதிரணியின் ஐந்து பேரும் நமது பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்களுடைய கூடை மறுமுனையில் காவலில்லாமல் கிடக்கிறது. அவர்கள் திரும்பி வந்து சேர்வதற்குள் பந்து அங்கே போய்விட்டால் காரியம் முடிந்தது. இதைத்தான் பாஸ்ட் பிரேக் என்பார்கள். பந்தைப் பிடிக்க ஒருவன் வேண்டும், ஓட ஒருவன் வேண்டும். கொழும்பில் ஒரு பெயின்ட் கம்பனியின் டீமில் பிடிப்பவன் ஷெல்டன், ஓடுபவன் அபிஷன்.

ஓடுபவன் ஒரு சூதாட்டமும் ஆடுகிறான். நம்மவன் பந்தைப் பிடித்த பிறகு ஓடத் தொடங்கினால் பிந்திவிடும். பந்து காற்றில் இருக்கும்போதே, அவன் எப்படியும் பிடிப்பான் என்று நம்பிக் கிளம்ப வேண்டும். நம்பியது பிழையாகிப்போனால் கூடைக்குக் கீழே நம்மவர் நான்கு பேர், அவர்கள் ஐந்து பேர். ஆனால் அவர்களில் ஒருவன் கூட ஓடிவந்துவிட்டால் கணக்குச் சரி. கோச் கனகசபாபதி, எல்லோருக்கும் கனா சேர், இதைக் கம்பனியின் பெரிய ஆட்களுக்கு ஒருமுறை விளக்கிச் சொன்னார். அபிஷன் ஒரு புள்ளியும் எடுக்காத மட்சில்கூட எதிரணியில் ஒருவனைத் தன்னோடு கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுகிறான், அதுதான் அவனுடைய பெறுமதி என்றார். அபிஷன் அதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டான். வீட்டுக்கு வந்து மனைவி மயூரியிடம் அதை அப்படியே ஒப்புவித்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து தாயின் இடுப்பில் இருந்தபடி கொழும்புக்கு வந்தவன் அவன். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், யாரோ ஒருவரின் வீட்டுப் பின்பக்க அனெக்ஸில் வளர்ந்தான். தாய் நேசமலர் அயல் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து அவனைப் படிப்பித்தாள். படிப்பு ஏறவில்லை. உயரமும் ஏறவில்லை. பள்ளிக்கூட டீமில் எல்லோரும் அவனைவிடத் தலை உயர்ந்தவர்கள். இருந்தும் அவனை டீமில் வைத்திருந்ததற்கு ஒரே காரணம், பயிற்சி முடிந்து மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போன பிறகும் அவன் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டிருந்ததுதான்.

ஷெல்டனைச் சந்தித்தது கொட்டாஞ்சேனையில், கோயில் வளவுக்குப் பின்னால் இருந்த சீமெந்துக் கோர்ட்டில். ஷெல்டன் நெடியவன், அகன்ற தோள், துறைமுகத்தில் வேலை செய்தவரின் மகன். பந்தைப் பிடித்துக் கால் நிலத்தில் படுமுன்பே உடம்பைத் திருப்பிவிடுவான். நிலத்தில் நிற்கும்போது பந்து கையில் இராது. அபிஷனோ நடுக்கோட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கமாட்டான். திரும்பும்போது பந்து முகத்துக்கு நேரே வந்துகொண்டிருக்கும். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒருநாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை.

பெயின்ட் கம்பனி முதலில் ஷெல்டனைத்தான் கூப்பிட்டது. அவன், அபிஷனையும் எடுத்தால் வருகிறேன் என்றான். ஷெல்டன் டிப்ளோமா முடித்திருந்தபடியால் சேல்ஸ் பகுதியில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அபிஷனுக்குத் தெமட்டகொடை ஸ்டோர்ஸில் வேலை; வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற கொன்ட்ராக்ட். டீமில் பெயர் இருக்கும்வரை அது தானாகப் புதுப்பிக்கப்பட்டது. பெயின்ட் டின்களை இறக்கி அடுக்குகிற அந்த வேலையில் அவனுக்கு வெட்கம் இருக்கவில்லை. பின்னேரம் நான்கு மணிக்கு அவன் கன்வஸ் சப்பாத்தைக் கட்டும்போது ஸ்டோர்ஸ் முழுவதும் நின்று பார்க்கும்.

அவனை நிறுத்த எதிரணிகள் படாத பாடில்லை. சிலர் ஷெல்டனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் பந்தோடு இறங்கியதும் முகத்துக்கு நேரே இரண்டு கைகளை உயர்த்தி, பாஸ் போகாதபடி மறித்தார்கள். சிலர் பந்து போய் விழக்கூடிய இடத்தைக் கணித்து அங்கே ஒருவனை நிறுத்தினார்கள். சிலர் நடுக்கோட்டுக்குக் கிட்ட வைத்து, பந்தைத் தட்டப்போவதுபோல் போய் அவனுடைய கையில் ஓர் அடி கொடுத்து ஃபவுல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அவனைச் சரியாக நிறுத்தத் தெரிந்தவன் ஒருவன்தான்: இன்ஷூரன்ஸ் கம்பனிக்கு விளையாடிய ரிஷாத்.

ரிஷாத் தெமட்டகொடைக்காரன். அபிஷனுக்குப் பக்கத்தில் ஓடி அவனை முந்தப் பார்க்கமாட்டான். உள்பக்கமாக, கூடைக்குப் போகும் நேர்வழியைத் தான் எடுத்துக்கொண்டு ஓடுவான். அபிஷன் கோட்டோரமாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். சுற்றிப் போகிறவன் எவ்வளவு வேகமென்றாலும் பிந்துவான். ஓடுகிறவனைப் பிடிக்க ஏலாது, அவனுடைய வழியைத்தான் பிடிக்க வேண்டும் என்பது ரிஷாத்தின் கட்சி. இத்தனைக்கும் ரிஷாத் பாய்ந்து பந்தெடுப்பதில் சூரன். அவனை அந்த வேலையிலிருந்து இழுத்தெடுத்து, தன் பின்னால் ஓடவைப்பதில் அபிஷனுக்கு ஒரு தனிப் பெருமை. மட்ச் முடிந்தால் மூன்று பேரும் ஒன்றாகப் பிளேன்டீ குடிப்பார்கள். உன்னைப் பார்த்துப் பார்த்து என் மனைவியின் முகம் மறந்துவிட்டது என்று ரிஷாத் பகிடி விடுவான்.

முப்பத்துமூன்றாவது வயதில், அந்த வருடத்தின் முதல் மட்சில், அபிஷன் நடுக்கோட்டைத் தாண்டித் திரும்பியபோது பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தான். ஷெல்டனின் பந்து வந்தது, பிடித்தான், கூடையை நோக்கி எழும்பினான். எங்கிருந்தோ பின்னாலிருந்து ஒரு கை வந்து பந்தைப் பலகையோடு சேர்த்து அறைந்தது. அடித்தவன் பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னப் பையன். பிந்திப் புறப்பட்டும் வந்து பிடித்துவிட்டான். அடுத்த மட்சிலும் அதேதான். மூன்றாவது மட்ச் ஒரு வங்கி டீமோடு. அதில் அவர்களுடைய கோச் தன் ஆளிடம் சிங்களத்தில் சொன்னது அபிஷனின் காதில் விழுந்தது. அவனை விடு, அவன் பின்னால் போகாதே, பந்துக்குப் போ என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. மழை விட்டுவிட்டது, குடையை மடக்கு என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

அன்று ஷெல்டனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வரும்போது, பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்கு எரிய, அபிஷன் வாயைத் திறந்தான்.

"இப்ப ஒருத்தனும் என்னோட ஓடி வாறேல்ல மச்சான். கவனிச்சனீயே?"

ஷெல்டன் கவனித்திருந்தான். கவனிக்கவில்லை என்று சொன்னான்.

எதிரணி ஒருவனை அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். அபிஷன் ஓடிய பிறகு ஷெல்டன் கூடைக்குக் கீழே மற்ற மூன்று பேரோடு நின்று ஐந்து பேரைத் தாங்க வேண்டும். அந்த வருடம் ஷெல்டனின் முழங்கைகள் முழுக்க அடிபட்ட கண்டல். டீம் தோற்றுக்கொண்டும் இருந்தது.

கம்பனிக்குப் புதிய மனேஜர் வந்திருந்தார். டீமில் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது. கனா சேர் ஒளிக்கவில்லை. அபிஷனைத் தனியே கூப்பிட்டு, அடுத்த மட்சைப் பார்க்க மனேஜர் வருகிறார், அதற்குப் பிறகு வருகிற வருடத்துக்கான பெயர்களைத் தான் கொடுக்க வேண்டும், பெயர் இல்லாதவர்களின் கொன்ட்ராக்ட் மார்கழியோடு முடிந்துவிடும் என்றார். "நான் பொய் சொல்லி உன்ர பேரைப் போடமாட்டன் அபி. அந்தாள் தன்ர கண்ணால காணவேணும்."

அடுத்த மட்ச் இன்ஷூரன்ஸ் கம்பனியோடு. அதாவது ரிஷாத்தோடு.

மயூரி வெள்ளவத்தையில் ஒரு பார்மஸியில் காசாளராக இருந்தாள். அவளுடைய சம்பளத்தில் வீட்டு வாடகை போகும், வேறொன்றும் போகாது. அவர்களுடைய மகளுக்கு வருகிற தையில் பள்ளிக்கூடம் தொடங்க இருந்தது. மட்சுக்கு முதல்நாள் அபிஷன் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்து அவள், வேலை போனால் வேறு வேலை, அதற்காக இப்படி வாடாதேங்கோ என்றாள். அவன் வேலையைப் பற்றி நினைக்கவில்லை என்றான். அது முழுக்கப் பொய்யுமல்ல.

மட்ச் தொடங்கியது. முதல் பந்து இன்ஷூரன்ஸ்காரன் கையிலிருந்து போய்த் தெறித்தது. அபிஷன் கிளம்பினான். நடுக்கோட்டுக்கு வரும்போது, உள்பக்கமாக, பழைய இடத்தில், ரிஷாத்தின் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

அபிஷனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோட்டோரமாகச் சுற்றிப் போக வேண்டி வந்தது. பந்து வந்தும் எறிய முடியவில்லை. அதனாலென்ன? இரண்டாம் முறை ஓடினான், ரிஷாத் வந்தான். மூன்றாம் முறையும் வந்தான். கூடைக்குக் கீழே இப்போது நாலுக்கு நாலு. ஷெல்டன் மரத்தில் காய் பறிப்பதுபோல் பந்துகளைப் பறித்துக்கொண்டிருந்தான். கனா சேர் மனேஜருக்குப் பக்கத்தில் குனிந்து கையைக் காட்டி எதையோ விளக்கினார். மனேஜர் தலையாட்டியதை அபிஷன் கண்டான். ஒருமுறை ரிஷாத்தைக் கோட்டோரத்தில் ஏமாற்றி உள்ளே வெட்டிப் புள்ளியும் எடுத்தான். மகளின் வயதுக்கு இறங்கிவிட்டவன்போல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தான்.

எதிர்ப்பக்கத்தில் இன்ஷூரன்ஸ் கோச் ரிஷாத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். பிறகு அவனை வெளியே எடுத்து பெஞ்சில் இருத்தினார். குனிந்து, விரலை நீட்டி நீட்டி நெடுநேரம் பேசினார். ரிஷாத் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். தன்னை நிறுத்த முடியாததற்குத்தான் அவனுக்கு ஏச்சு விழுகிறது என்று அபிஷன் விளங்கிக்கொண்டான். பாவமாகவும் இருந்தது, உள்ளூர இனித்தது.

கடைசிப் பகுதியில் ரிஷாத் மீண்டும் இறங்கினான். முடிய இன்னும் சில விநாடிகள். பெயின்ட் கம்பனி ஒரு புள்ளி முன்னால். பந்து இன்ஷூரன்ஸ்காரர் கையில். கனா சேர் நேரம் கேட்டு எல்லோரையும் கூப்பிட்டு, ஒருவரும் ஓடக் கூடாது, ஐந்து பேரும் கூடைக்குக் கீழே நின்று ஆளுக்கொருவனை முதுகால் மறிக்க வேண்டும், பந்து கைக்கு வந்தால் போதும் என்றார். அபிஷனின் முகத்தைப் பார்த்து இன்னொரு தரமும் சொன்னார்.

அபிஷன் கேட்டான். ஆனால் அவனுடைய மனம் வேறு கணக்குப் போட்டது. நான் நின்றால் ரிஷாத்தும் நிற்பான். அவன் பாய்ந்தால் என் உயரத்துக்கு அவனை மறிக்க ஏலாது. நான் ஓடினால் அவன் கூட வருவான், அவர்களில் பந்தெடுக்கக்கூடிய ஒரே ஆள் இல்லாமல் போவான். ஷெல்டன் சும்மா எட்டி எடுப்பான். அந்த மட்ச் முழுக்க அவன் கண்டதை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

பந்து எழும்பியது. அபிஷன் கிளம்பினான்.

நடுக்கோட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்கவில்லை. அரங்கத்தின் இரைச்சலில் கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் வேகமாக ஓடினான். வழக்கமான இடத்தில் திரும்பினான். பந்து வரவில்லை. மறுமுனையில், கூடைக்குக் கீழே, ஷெல்டனுக்கு முன்னால் ஒருவன் மறிக்க, பின்னால் அபிஷன் நின்றிருக்க வேண்டிய இடத்திலிருந்து ரிஷாத் ஒருவராலும் தொடப்படாமல் மேலே எழும்பினான். தெறித்த பந்தைக் காற்றிலேயே பிடித்து அப்படியே கூடைக்குள் வைத்தான். மணி அடித்தது.

வெறுமையான அந்தப் பாதியில் அபிஷன் தனியாக நின்றான். மனேஜர் எழுந்து தன் போனைப் பார்த்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று பிளேன்டீ குடிக்க ஒருவரும் கூப்பிடவில்லை. அபிஷன் வெளிக்கதவடியில் நின்று ரிஷாத்தை மறித்தான். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"கடைசியா ஏன்டா நீ வரேல்ல?"

ரிஷாத் பையைத் தோள் மாற்றினான். அவனுக்கும் கண் சிவந்திருந்தது.

"இன்னொருக்கா அவன் பின்னால போனா வீட்டுக்குப் போகச் சென்னாரு மச்சான், கோச். என்ட வேலையும் ஒன்ட வேல மாதிரித்தான். எனக்கும் புள்ளயள் ஈக்கி."

"அப்ப முதல்ல ஏன் வந்தனீ?"

ரிஷாத், அபிஷனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஷெல்டனைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "கடைசிப் பந்துக்கு நான் ஒன்ன நெனச்சில்ல. அது உண்ம. மத்ததெல்லாம் அவன்ட்ட கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஷெல்டன் எதையும் மறைக்கவில்லை. மட்சுக்கு முன்னால் தெமட்டகொடைக்குப் போய் ரிஷாத்தைக் கண்டதையும், இந்த ஒரு மட்சுக்கு மட்டும் பழையபடி அவனோடு ஓடு, மனேஜர் பார்க்கட்டும் என்று கேட்டதையும் சொன்னான். ரிஷாத் முதலில் மாட்டேன் என்றானாம். பிறகு, அவனுக்காக ஓடுகிறேன், அவனுக்குச் சொல்லாதே என்றானாம்.

"ஒனக்காகத்தான் மச்சான் பண்ணினேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

சனங்கள் எல்லோரும் போய், அரங்கத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"உள்ளதைச் சொல்லியிருந்தா நான் கனா சேர் சொன்ன இடத்தில நிண்டிருப்பன்" என்றான் அபிஷன். "வெண்டிருப்பம். அது போகட்டும். ஆனா இண்டைக்கு நான் எவ்வளவு சந்தோசமா ஓடினனான் தெரியுமே? அதை ஏன்டா செய்தாய்?"

ஷெல்டன் அவனுடைய தோளில் கை வைக்கப்போனான். அபிஷன் ஓரடி தள்ளி நின்றான். மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை. பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தான்.

கனா சேர் பெயர்களைக் கொடுத்தார். கொடுக்கும் முன் அபிஷனைத் தேடித் தெமட்டகொடை ஸ்டோர்ஸுக்கே வந்தார். டின்களுக்கு நடுவே இருவரும் நின்றார்கள். உன் பெயரைப் போடவில்லை என்றார். அபிஷன் தலையாட்டினான். இனி யார் ஓடுவது என்று கேட்டான்.

"ஒருத்தரும் ஓடமாட்டினம்" என்றார் கனா சேர். "இனிப் பந்தை வச்சு மெதுவா விளையாடப்போறம். ஓடுறதுக்கு ஆள் இல்லை."

அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா என்று அபிஷனுக்குத் தெரியவில்லை. உண்மைதான். அந்த டீம் அதற்குப் பிறகு பாஸ்ட் பிரேக் விளையாடவில்லை. ஷெல்டன் பந்தைப் பிடித்து, காலை நிலத்தில் ஊன்றி, சுற்றிப் பார்த்து, பக்கத்தில் நிற்பவனுக்கு மெல்லக் கொடுத்தான். பார்க்க வருகிறவர்களும் குறைந்தார்கள்.

தை மாதம் அபிஷன் ஹெந்தளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் சேர்ந்தான். வெள்ளவத்தையிலிருந்து நெடுந்தூரம், இருட்டோடு கிளம்ப வேண்டும். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு மயூரிதான் கூட்டிப்போகிறாள். ரிஷாத் இடைக்கிடை போன் பண்ணுவான். அபிஷன் எடுப்பான். வேலை, பிள்ளைகள், சாமான் விலை என்று கதைப்பார்கள். அந்த மட்சைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. ஆனால் கடைசிப் பந்துக்கு நான் உன்னை நினைக்கவில்லை என்று ரிஷாத் சொன்ன அந்த வார்த்தையில் அபிஷனுக்குக் கோபம் இல்லை. அது விளையாட்டு என்று ஒருநாள் மயூரியிடம் சொன்னான். அதை அவன் நேராகத்தானே செய்தான் என்றான்.

ஷெல்டனின் போன் வந்தால் அது தானாக நிற்கும்வரை அடிக்க விடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஷெல்டன் நேரே வந்துவிட்டான். அவர்களுடைய வீடு இரண்டாம் மாடி. கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஏறி வரலாமா கூடாதா என்று தெரியாமல் படியடியில் நின்றான். கையில் பிள்ளைக்கு ஏதோ ஒரு பார்சல். மயூரி பல்கனியிலிருந்து கண்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஷெல்டன் வந்து கீழ நிக்கிறான். மெலிஞ்சுபோனான்."

அபிஷன் மகளுக்குப் பென்சில் கூராக்கிக்கொண்டிருந்தான்.

"நான் இல்லையெண்டு சொல்லும்" என்றான்.

யன்னல் திறந்து கிடந்தது. மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தான். மயூரி திரும்பப் பல்கனிக்குப் போனபோது ஷெல்டன் பார்சலைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு, அவளைப் பார்த்துத் தலையை ஆட்டி, மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணாமல் பெரிய வீதி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.